சார்ஜ் என்ற சொல்லுக்குத் தமிழில் எதைப் போடுவது?

போன மாதம் ஒரு மின்சார ஸ்கூட்டர் செயலியின் வாசகங்களைத் தமிழாக்கும் வேலை வந்தது. எக்செல் தாளில் நானூற்றுச் சொச்சம் வரிகள். இடப்பக்கம் ஆங்கிலம், வலப்பக்கம் நான் நிரப்ப வேண்டிய காலிக் கட்டம். அறுபதாவது வரி பக்கம் வந்து மாட்டிக்கொண்டேன். வண்டிக்கு சார்ஜ் ஏறி முடிந்துவிட்டது, அதற்கு 85 ரூபாய் ஆகும் என்று சொல்கிற ஒரு சின்ன அறிவிப்பு. ஆங்கிலத்தில் இரண்டு வாக்கியத்துக்கும் ஒரே வினைதான். முதல் சார்ஜ் பேட்டரிக்கு, இரண்டாவது சார்ஜ் நமக்கு. எனக்கு முன்னால் யாரோ மொழிபெயர்ப்பு இயந்திரத்தில் போட்டு எடுத்து வைத்திருந்தார்கள்: "சார்ஜ் முடிந்தது. நீங்கள் 85 ரூபாய் சார்ஜ் செய்யப்படுவீர்கள்." வண்டியைக் கழற்றிவிட்டு ஓட்டி வந்த ஆளை ப்ளக்கில் சொருகுகிற காட்சிதான் கண்ணில் வந்தது.

வேலையோடு ஒரு நிபந்தனையும் வந்திருந்தது. ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு ஒரே தமிழ்ச் சொல்தான் வர வேண்டும். செயலி முழுக்க ஒரே சீராக இருக்க வேண்டுமாம். 'செட்டிங்ஸ்' போன்ற சொற்களுக்கு இது நியாயமான விதி. ஒரு திரையில் 'அமைப்புகள்', இன்னொரு திரையில் 'அமைவுகள்' என்று போட்டால் பயனர் குழம்புவார். ஆனால் சார்ஜுக்கு? தொலைபேசியில் கேட்டேன். "ஏதாவது ஒண்ணை ஃபிக்ஸ் பண்ணிடுங்க மேடம், எல்லா இடத்துலயும் அதையே போட்டுடலாம்" என்று பதில் வந்தது.

என் முன்னால் மூன்று வழிகள் இருந்தன. ஒன்று, சார்ஜ் என்பதையே தமிழ் எழுத்தில் எல்லா இடத்திலும் விட்டுவிடுவது. இரண்டு, 'கட்டணம்' மாதிரி ஒரு தமிழ்ச் சொல்லைப் பிடித்து எல்லாவற்றுக்கும் அதையே போடுவது. இது முதல் வழியைவிட மோசம், 'பேட்டரி கட்டணம் 40 சதவீதம்' என்று திரையில் வந்து நிற்கும். மூன்று, இடம் பார்த்து இடத்துக்கு ஒரு சொல். மூன்றாவதுதான் சரி என்று எல்லோரும் சொல்லிவிடுவார்கள். எந்த இடத்துக்கு எந்தச் சொல் என்று வரும்போதுதான் தலைவலி தொடங்கும்.

வண்டியில் ஏற்றிய பாரம்

ஆங்கில அகராதியில் இந்தச் சொல்லைப் பிரித்தால் விலை, குற்றச்சாட்டு, பொறுப்பு, பாய்ச்சல், மின்னேற்றம், வெடிமருந்தின் அளவு என்று ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத பொருள்கள் வரிசையாக நிற்கும். நம்முடைய பழைய நிகண்டுகளில் ஒரு சொல்லுக்குப் பல பொருள் சொல்லும் பகுதி தனியாக உண்டு. அதில் வைக்கத் தக்க சொல் இது. ஆனால் வேரைப் பார்த்தால் எல்லாம் ஒரே காட்சிதான்.

இன்றைய பிரான்ஸ் பக்கம் இருந்த 'கால்' என்ற பழைய நாட்டில் வாழ்ந்த கெல்டிக் மக்களிடமிருந்து லத்தீன்காரர்கள் வாங்கிக்கொண்ட சொல் 'கார்ரஸ்'. சரக்கு வண்டி என்று பொருள். அதிலிருந்து பிற்கால லத்தீனில் 'கார்ரிகாரே', அதாவது வண்டியில் பாரம் ஏற்றுவது. அது பழைய பிரெஞ்சு வழியாக 13ஆம் நூற்றாண்டு வாக்கில் ஆங்கிலத்துக்கு வந்தது. அங்கே அதன் முதல் பொருளே சுமைதான். கார், கேரி, கார்கோ எல்லாம் அதே வீட்டுப் பிள்ளைகள். கேலிச்சித்திரத்தைச் சொல்லும் 'கேரிக்கேச்சர்' கூட இத்தாலிய மொழி வழியாக வந்த ஒன்றுவிட்ட உறவு. மூக்கையும் காதையும் அளவுக்கு மீறி ஏற்றிக் காட்டும் படம் அது.

வண்டியில் ஏற்றியதை அப்புறம் ஆள் மேல் ஏற்றினார்கள், பொறுப்பு ஆயிற்று. ஒருவன் தலையில் பழியை ஏற்றினால் குற்றச்சாட்டு. வாங்குகிறவன் தலையில் ஏற்றினால் விலை. துப்பாக்கிக் குழாயில் மருந்தை ஏற்றினால் அதுவும் சார்ஜ். 1745, 46 வாக்கில் லெய்டன் ஜாடி என்ற கண்ணாடிக் குடுவையில் மின்சாரத்தைச் சேமிக்கலாம் என்று கண்டுபிடித்த பிறகு, அமெரிக்காவில் பெஞ்சமின் பிராங்க்ளின் அந்த ஜாடிகளை வைத்துச் சோதனை செய்துகொண்டிருந்தார். துப்பாக்கிக்குச் சொன்ன சொல் ஜாடிக்கும் வந்தது. பல ஜாடிகளைச் சேர்த்து வைத்த வரிசைக்கு அவர் 'பேட்டரி' என்று பெயர் வைத்தார். பீரங்கி வரிசைக்கு ஏற்கெனவே அந்தப் பெயர்தான். ஆக, நம் போனுக்குள் இருக்கும் பேட்டரியும் சார்ஜும் பட்டாளத்துப் பேச்சிலிருந்து வந்தவை.

இதில் எனக்குப் பிடித்த விஷயம், தமிழும் தன் போக்கில் இதே வேலையைச் செய்திருப்பதுதான். பொறுப்பு என்ற சொல்லில் இருப்பது 'பொறு'. பொறை என்றால் சுமை. பதவி 'ஏற்கிறார்கள்', பழி 'சுமத்துகிறார்கள்', விலை 'ஏற்றுகிறார்கள்', கடன் 'சுமை' ஆகிறது. அதனால் இந்தச் சொல் எங்கே வந்தாலும் நான் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றுதான்: யார், எதை, யார் மேல் ஏற்றுகிறார்கள்? பதில் தெரிந்துவிட்டால் தமிழ்ச் சொல் பெரும்பாலும் தானாகவே வந்துவிடும். வராத இடங்களும் உண்டு. அவற்றைப் பற்றித்தான் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

பேட்டரி: நான்கு சொற்களின் போட்டி

போனுக்கும் வண்டிக்கும் ஏறுவதைச் சொல்ல நான்கு சொற்கள் புழங்குகின்றன. சார்ஜ், மின்னேற்றம், மின்னூட்டம், மின்சுமை. இவற்றில் மின்சுமையை முதலில் கழித்துவிடலாம். பழைய அறிவியல் நூல்களில் எலக்ட்ரானுக்கும் புரோட்டானுக்கும் இருப்பதைச் சொல்ல இது உண்டு. இன்றைக்கு அதைப் படிப்பவர் மின்வாரியம் சொல்லும் 'லோடு' என்றுதான் நினைப்பார், வீட்டு இணைப்புக்கு எத்தனை கிலோவாட் என்கிற கணக்கு.

மின்னூட்டம் தமிழ்நாட்டுப் பள்ளி இயற்பியலின் சொல். எலக்ட்ரானின் மின்னூட்டம் 1.602 பெருக்கல் 10இன் அடுக்கு மைனஸ் 19 கூலூம் என்று மனப்பாடம் செய்திருப்போம். இலங்கைப் பாடநூல்களில் அதற்கே ஏற்றம் அல்லது மின்னேற்றம் என்றிருக்கும். நேரேற்றம், மறையேற்றம் என்று அழகாகப் பிரிப்பார்கள். வேரோடு ஒட்டி வருவது இலங்கைக்காரர்களின் சொல்தான் என்பேன். ஊட்டம் என்னும்போது சத்துணவு ஞாபகம் வருகிறது.

சரி, இயற்பியலில் இருக்கும் மின்னூட்டத்தையே போனுக்கும் போட்டுவிடலாமே என்றால், அங்கே ஒரு நுணுக்கம் குறுக்கே வருகிறது. போனை ராத்திரி முழுக்கச் செருகி வைத்தாலும் பேட்டரியின் மொத்த மின்னூட்டம் கூடுவதில்லை. ஒரு முனை வழியாக எவ்வளவு உள்ளே போகிறதோ அவ்வளவு மறுமுனை வழியாக வெளியே வந்துவிடுகிறது. பேட்டரி எப்போதும் நடுநிலைதான். உள்ளே கூடுவது வேதியியல் வடிவில் சேர்ந்திருக்கும் ஆற்றல். 5,000 மில்லி ஆம்பியர்-மணி என்று பெட்டியில் போட்டிருப்பது, முழுதாக ஏறிய பேட்டரி 18,000 கூலூம் அளவுக்கு மின்சாரத்தைச் சுற்றில் ஓட விடும் என்கிற கணக்கு. அத்தனையும் உள்ளே அடைந்து கிடக்கிறது என்று பொருள் இல்லை. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல் இருப்பதால் மாணவர்கள் குழம்புகிறார்கள். தமிழில் இரண்டு சொல் வைத்துக்கொள்ள நமக்கு வாய்ப்பு இருக்கிறது, அதை ஏன் விட வேண்டும்? துகளுக்கு மின்னூட்டம், பேட்டரிக்கு வேறு.

அந்த வேறு எது, சார்ஜா மின்னேற்றமா? இங்கே நான் சார்ஜ் பக்கம். தூய தமிழ் நண்பர்கள் கோபித்துக்கொள்ளலாம். ஆனால் இந்தச் சொல்லைச் சுற்றி மக்கள் கட்டி வைத்திருக்கும் தமிழைப் பாருங்கள். சார்ஜ் போடு. சார்ஜ் ஏறுது. சார்ஜ் இறங்கிடுச்சு. பழைய பேட்டரி, சார்ஜ் நிக்க மாட்டேங்குது. ஆங்கிலத்தில் சார்ஜ் ஏறுவதும் இல்லை, இறங்குவதும் இல்லை. லத்தீன் வேரில் வண்டிப் பாரம் இருந்ததை யாரும் நம் ஆட்களுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. இருந்தும் ஏற்றமும் இறக்கமும் அதனோடு வந்து ஒட்டிக்கொண்டன. பெயர்ச்சொல் மட்டும்தான் கடன், வினை எல்லாம் நம்முடையது. 'மின்னேற்றம் ஏறுகிறது' என்று எழுதினால் ஏற்றம் இரண்டு தடவை வந்து இடிக்கிறது. 'மின்னேற்றம் குறைந்துள்ளது' என்று எழுதலாம். எழுதினால் அரசுக் குறிப்பு மாதிரி ஆகிவிடுகிறது.

ஆனால் பெயர்ப்பலகைக்கு வந்தால் என் முடிவு மாறும். நெடுஞ்சாலை ஓரத்தில் 'மின்னேற்ற நிலையம்' என்று எழுதியிருந்தால் எவருக்கும் புரியும், பார்க்கவும் நன்றாக இருக்கும். பலகையை யாரும் பேசிப் பார்ப்பதில்லை. செயலியின் வாசகம் காதில் விழுவது மாதிரி இருக்க வேண்டும். அதனால் ஒரே பொருளுக்கு இடத்தைப் பொறுத்து இரண்டு சொல் வைத்தேன். அந்த நிபந்தனையை முதலில் மீறிய இடம் இதுதான்.

காசு விஷயத்தில் சார்ஜ் வேண்டாம்

பேட்டரிக்கு சார்ஜை விட்டுக்கொடுத்ததற்கு ஈடாக, பணம் வரும் இடத்தில் எல்லாம் அதைத் துரத்திவிட்டேன். இல்லாவிட்டால் 'சார்ஜிங் சார்ஜ்' என்று எழுத வேண்டி வரும். சில நிறுவனங்கள் ஆங்கிலத்தில் வெட்கமில்லாமல் அப்படித்தான் எழுதுகின்றன.

ஆங்கிலத்தில் கொடுக்கிற காசுக்கு ஒரு குடும்பமே இருக்கிறது. பொருளுக்குக் கொடுப்பது பிரைஸ். டாக்டருக்கும் வக்கீலுக்கும் பள்ளிக்கும் கொடுப்பது ஃபீஸ். பயணத்துக்கு ஃபேர். சாலையில் டோல். ஒரு பொருளை உண்டாக்கச் செலவானது காஸ்ட். சார்ஜ் என்பது ஒரு சேவைக்கு 'இவ்வளவு தா' என்று கேட்பது. கேட்கும் செயல்தான் அதில் முன்னால் நிற்கும். அதனால்தான் ஆங்கிலேயர் யாரும் 'பஸ் சார்ஜ்' என்று சொல்வதில்லை, 'பஸ் ஃபேர்' என்பார்கள். பஸ் சார்ஜ் நம் ஊர்ச் சரக்கு. நம் ஊரில் பேசும்போது அது தப்பே இல்லை. ஆங்கிலத்தில் எழுதும்போது மட்டும் கவனம்.

தமிழில் கட்டணம் என்ற ஒரே சொல் இவற்றில் பாதியை விழுங்கிவிடும். பள்ளிக் கட்டணம், பேருந்துக் கட்டணம், சுங்கக் கட்டணம், மின் கட்டணம், எல்லாம் ஒன்றே. சௌகரியமான சொல். சௌகரியம் அதிகமானதால் வேறொரு நல்ல சொல்லை மறந்துகொண்டிருக்கிறோம். கூலி.

நகைக்கடையில் ஆங்கில ரசீதில் 'மேக்கிங் சார்ஜ்' என்று இருக்கும். அதைத் 'தயாரிப்புக் கட்டணம்' என்று ஒரு ரசீதில் பார்த்தேன். செய்கூலி என்று பாட்டி காலத்திலிருந்து சொல்லி வருகிறோம். 'செய்கூலி, சேதாரம் இல்லை' என்று தெருவுக்குத் தெரு விளம்பரம் வேறு. அதே போல லாரி 'லோடிங் சார்ஜ்' நமக்கு ஏற்றுக்கூலி, இறக்கும்போது இறக்குக்கூலி. மில்லில் மாவு அரைத்தால் அரவைக் கூலி. டெய்லரிடம் தையல் கூலி. மனிதர் கையால் செய்த வேலைக்குக் கூலி, நிறுவனம் கேட்பதற்குக் கட்டணம். இந்தப் பிரிவு ஆங்கில சார்ஜில் இல்லை. கூலி என்றால் கௌரவக் குறைச்சல் என்று நினைத்துக் கட்டணத்துக்குத் தாவுகிறார்கள். எனக்கு அது ஒப்பவில்லை.

வினைச்சொல்லில்தான் உண்மையான தேர்வு. 85 ரூபாயை என்ன செய்வார்கள்? வசூலிக்கப்படும், விதிக்கப்படும், பெறப்படும், பிடித்தம் செய்யப்படும். நான்கும் ஒன்று மாதிரி தெரியும். விதிப்பது அதிகாரம் உள்ளவர் செய்வது. அபராதமும் வரியும் விதிப்பார்கள், ஸ்கூட்டர் கம்பெனி எதற்கு விதிக்க வேண்டும்? வசூலிப்பதில் வந்து கை நீட்டுகிற தோரணை இருக்கிறது. பெறப்படும் என்றால் மரியாதைதான், ஆனால் எப்படிப் பெறுவார்கள் என்று தெரியாது. பிடித்தம் என்பது நம் காசு ஏற்கெனவே அவர்கள் கையில் இருந்து, அதிலிருந்து எடுத்துக்கொள்வது. சம்பளத்தில் பிடித்தம், வங்கிக் கணக்கில் பிடித்தம். "அக்கவுண்ட்ல சார்ஜ் பிடிச்சுட்டான்" என்று நாம் புலம்புவதிலேயே வினை சரியாக வந்துவிடுகிறது. இந்தச் செயலியில் பணப்பை வைத்திருக்கிறார்கள், முன்கூட்டியே காசு போட்டுவைக்க வேண்டும். எனவே பிடித்தம்.

கட்டணமும் வரியும் கலந்துபோகிற ஓர் இடம் மட்டும் சொல்லிவிட்டு நகர்கிறேன். உணவக ரசீதில் வரும் 'சர்வீஸ் சார்ஜ்' வரி இல்லை. அரசுக்குப் போன சேவை வரி 2017 ஜூலை 1ஆம் தேதி ஜிஎஸ்டிக்குள் கரைந்துபோனது. சர்வீஸ் சார்ஜ் உணவகத்தின் கல்லாவுக்குப் போவது. அதைக் கேட்காமலே ரசீதில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது. உணவகங்கள் நீதிமன்றம் போயின. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் ஆணையத்தின் பக்கம் நின்றது. இதைச் 'சேவை வரி' என்று மொழிபெயர்த்தால் வாடிக்கையாளர் சட்டம் என்று நினைத்து வாயை மூடிக்கொண்டு கொடுத்துவிட்டு வருவார். 'சேவைக் கட்டணம்' என்று போட்டால் "எதுக்கு?" என்று ஒரு கேள்வியாவது கேட்பார். ஒரு சொல் மாறினால் அவர் பையில் சில நூறு ரூபாய் மிஞ்சும்.

'ஃப்ரீ ஆஃப் சார்ஜ்' என்பதற்கும் இரண்டு வழி. இலவசம் என்றால் கொடுப்பவரின் தயவு தெரிகிறது. கட்டணமில்லா என்றால் காசு இல்லை, அவ்வளவுதான். தமிழ்நாட்டு நகரப் பேருந்துகளில் பெண்களுக்கான பயணத்தைக் 'கட்டணமில்லா' என்றுதான் எழுதியிருக்கிறார்கள். நானும் அதையே எடுத்துக்கொண்டேன்.

நீதிமன்றத்தில் தப்பினால் ஆபத்து

செயலியில் இது இல்லை. ஆனால் நான் இதற்கு முன் செய்திப் பிரிவில் இருந்தவள் என்பதால் விட மனம் வரவில்லை. பேட்டரியில் தப்பான சொல் போட்டால் சிரிப்பார்கள், இங்கே போட்டால் ஒருவரின் பெயர் போகும்.

வரிசையைப் பாருங்கள். தெருவில் யாரோ ஒருவர் இன்னொருவரைப் பற்றிச் சொன்னால் அது வெறும் புகார் அல்லது குற்றச்சாட்டு, ஆங்கிலத்தில் 'அலிகேஷன்'. காவல் நிலையத்தில் முதல் தகவல் அறிக்கை போட்டால் வழக்குப் பதிவு. விசாரித்து முடித்த போலீஸ், நீதிமன்றத்தில் கொடுப்பது 'சார்ஜ் ஷீட்', அதாவது குற்றப்பத்திரிகை. அதைப் படித்துவிட்டு நீதிபதி இன்னின்ன பிரிவில் விசாரிக்க முகாந்திரம் உண்டு என்று எழுதுவதுதான் சட்டப்படியான 'சார்ஜ்'. தமிழில் குற்றச்சாட்டுப் பதிவு என்றும், சட்டத் தமிழில் குற்றச்சாட்டு வனைதல் என்றும் சொல்வார்கள். வனைதல் குயவர் வீட்டுச் சொல். சக்கரத்தில் சட்டி வனைவது போல நீதிபதி குற்றச்சாட்டுக்கு உருக் கொடுக்கிறார். ஆங்கிலத்தில் இதற்கு 'ஃப்ரேமிங்' என்கிறார்கள், அது மரச்சட்டம். மண்பானை உவமையே எனக்குப் பிடித்திருக்கிறது.

வெளிநாட்டுச் செய்தியில் 'ஹி வாஸ் சார்ஜ்டு' என்று வரும்போது இந்த நான்கில் எது என்று பார்க்காமல் 'வழக்குப் பதிவு' என்று அடித்துவிடுவது வழக்கம். ரொம்பக் குறைத்துச் சொல்லிவிடுகிறோம். இன்னொரு கோடியில், குற்றப்பத்திரிகை வந்ததுமே 'குற்றவாளி' என்று தலைப்புப் போடுபவர்களும் இருக்கிறார்கள். அந்தத் தப்பை ஒரு முறை நானே செய்திருக்கிறேன். மறுநாள் வந்த வக்கீல் நோட்டீஸ் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

சாட்டு, சுமத்து, இரண்டுக்கும் இடையேயும் தேர்வு இருக்கிறது. குற்றம் சாட்டினார் என்றால் நடுநிலை. கொங்குப் பக்கம் அம்மன் கோயிலில் பூச்சாட்டு என்று சொல்வார்களே, திருவிழா தொடங்கிவிட்டது என்று ஊருக்கு அறிவிக்கிற அதே சாட்டுதல்தான். குற்றம் சுமத்தினார் என்றால் அதில் கொஞ்சம் அநியாயம் தொனிக்கும். பழி சுமத்துவதோடு சேர்ந்து புழங்கிய சொல் அது. லத்தீன் வேருக்கு நெருக்கமானது சுமத்துதான். ஆனால் செய்தியில் சாட்டுவே நல்லது. வேரைப் பார்த்துச் சொல்லைத் தேர்ந்தால் இப்படி இடறும் இடமும் உண்டு.

'டிஸ்சார்ஜ்' வந்தால் இன்னும் உஷார். மருத்துவமனையிலிருந்து டிஸ்சார்ஜ், வீடு திரும்பினார். அணையிலிருந்து டிஸ்சார்ஜ், விநாடிக்கு இத்தனை கன அடி நீர் திறப்பு. வழக்கிலிருந்து டிஸ்சார்ஜ் என்றால் விடுவிப்பு. விசாரணை தொடங்கும் முன்பே ஆதாரம் போதாது என்று பாரத்தை இறக்கிவிடுவது. விசாரணை முழுதாக நடந்து, குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்றால்தான் விடுதலை. இரண்டையும் மாற்றிப் போட்டு எத்தனை செய்தி வந்திருக்கும் என்று எண்ண ஆரம்பித்தால் முடியாது.

அரசு ஊழியர்களிடம் போனால் அவர்களுக்கு இந்தச் சொல் கூடத் தேவையில்லை. துறை ரீதியாகக் கொடுக்கும் சார்ஜ் மெமோவுக்குக் குற்றச்சாட்டுக் குறிப்பாணை என்று முறையான தமிழ் இருக்கிறது. ஆனால் டீக்கடையில் பேச்சு எப்படி? "அவருக்கு 17பி கொடுத்துட்டாங்க." தமிழ்நாட்டுக் குடிமைப் பணி ஒழுங்கு விதிகளில் 17ஏ சின்ன தண்டனைக்கு, 17பி பெரிய தண்டனைக்கு. மூன்றெழுத்தில் மொத்த கதையும் புரிந்துவிடும். எந்த அகராதியிலும் சார்ஜுக்கு நேரே இந்த எண்ணைப் போட மாட்டார்கள்.

யார் பொறுப்பில் யார்?

ஆங்கிலத்தில் 'இன் சார்ஜ் ஆஃப்' என்றால் பொறுப்பைச் சுமப்பவர். நடுவில் ஒரு 'த' சேர்த்து 'இன் த சார்ஜ் ஆஃப்' என்றால் ஒப்படைக்கப்பட்டவர். நர்ஸ் குழந்தைக்கு இன் சார்ஜ். குழந்தை நர்ஸின் சார்ஜில். ஒரு சின்னச் சொல்லில் ஏற்றியவரும் ஏறியவரும் இடம் மாறிவிடுகிறார்கள். தமிழில் வேற்றுமை உருபு இதைச் சுலபமாகப் பார்த்துக்கொள்கிறது. குழந்தைக்குப் பொறுப்பு நர்ஸ், நர்ஸின் பொறுப்பில் குழந்தை. இரண்டுக்கும் பொறுப்பு போதும், வேறு சொல் தேட வேண்டியதே இல்லை.

சிக்கல் ஊருக்கு ஊர் மாறுவதில்தான். தமிழ்நாட்டில் 'தலைமை ஆசிரியர் (பொறுப்பு)' என்று அடைப்புக்குறிக்குள் போட்டால், நிரந்தரமாக ஆள் போடவில்லை, இவர் தற்காலிகமாகப் பார்த்துக்கொள்கிறார் என்று அர்த்தம். "அவர் எச்.எம். இல்ல, இன்சார்ஜ்" என்று ஒரு படி கீழே வைத்துத்தான் சொல்வார்கள். இலங்கையில் பொலிஸ் நிலையத்தின் பொறுப்பதிகாரி என்றால் அந்த நிலையத்துக்கே தலைவர். அங்கே பொறுப்பு ஏறு முகம், இங்கே இறங்கு முகம். இரண்டு நாட்டு வாசகர்களுக்கும் சேர்த்து எழுதும்போது நான் முதல் வகைக்குத் 'தற்காலிகப் பொறுப்பு' என்று ஒரு சொல் கூட்டிவிடுகிறேன். நீளம்தான், பரவாயில்லை.

பாய்ச்சல் பொருளுக்கு நிறைய நேரம் வேண்டாம். 'லத்தி சார்ஜ்' இந்திய ஆங்கிலம். அதற்குத் தடியடி மாதிரி கச்சிதமான சொல் ஆங்கிலத்திலேயே இல்லை. குதிரைப்படை செய்யும் சார்ஜுக்குப் பாய்ச்சல். காட்டு யானை காதை விரித்துக்கொண்டு ஓடி வந்து பாதியில் நின்றுவிடுமே, அதை ஆங்கிலத்தில் 'மாக் சார்ஜ்' என்பார்கள். பொய்ப் பாய்ச்சல் என்றோ மிரட்டல் ஓட்டம் என்றோ எழுதலாம். தாக்குதல் என்று மட்டும் எழுதக் கூடாது, அது இன்னும் யாரையும் தொடவில்லை. பாய் என்ற நம் வினையும் லேசுப்பட்டதில்லை. மாடு பாயும், தண்ணீர் பாயும், மின்சாரம் பாயும், குண்டர் சட்டம் கூடப் பாயும். ஆங்கிலத்தில் யாராவது இதை மொழிபெயர்க்க உட்கார்ந்தால் என் நிலைமைதான் அவருக்கும்.

கடைசியில் போட்டது

அறுபதாவது வரிக்கு நான் எழுதியது இது: "சார்ஜ் ஏறிவிட்டது. கட்டணம் 85 ரூபாய் உங்கள் பணப்பையிலிருந்து பிடித்துக்கொள்ளப்படும்." முதலில் 'பிடித்தம் செய்யப்படும்' என்றுதான் அடித்தேன். வாய்விட்டுப் படித்துப் பார்த்ததும் வங்கிக் கடிதம் போல இருந்தது, மாற்றிவிட்டேன். பேட்டரி வரும் வரிகளில் சார்ஜ், பணம் வரும் வரிகளில் கட்டணம், நிலையத்தின் பெயரில் மின்னேற்றம், நிலையத்தைப் பார்த்துக்கொள்பவருக்குப் பொறுப்பாளர். வண்டியைத் தூக்கி ஏற்ற ஆள் வந்தால் அதற்கு ஒரு தொகை உண்டு. அங்கே ஏற்றுக்கூலி என்று போட்டு அனுப்பினேன். அதை மட்டும் 'கட்டணம்' என்று மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டு வந்தது. மாட்டேன் என்று சொல்லவில்லை. வண்டியைத் தூக்குகிறவரிடமே ஒரு முறை கேட்டுப் பாருங்கள் என்று எழுதினேன்.

ஒரே சொல் ஒரே மாதிரி வந்திருக்கிறதா என்று பார்க்கும் மென்பொருள் என் தாளை ஓட்டிப் பார்த்துவிட்டு, 31 கட்டங்களைச் சிவப்பாக்கி அனுப்பியது. ஒவ்வொன்றுக்கும் பக்கத்துக் கட்டத்தில் 'தெரிந்தேதான்' என்று எழுதித் திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஒரு கட்டத்தை மட்டும் காலியாக விட்டிருக்கிறேன். வாடிக்கையாளர் அட்டையில் கட்டிய பணத்தை வங்கி வழியாகத் திரும்ப வாங்கிக்கொள்ளும் 'சார்ஜ்பேக்'. 'கட்டண மீட்பு' என்று போட்டுப் பார்த்தேன், 'திரும்பப் பிடித்தல்' என்று போட்டுப் பார்த்தேன். முதலாவதில் யார் மீட்டார் என்று தெரியவில்லை, இரண்டாவது ஓடிப்போன ஆட்டைப் பிடிக்கிற மாதிரி இருக்கிறது. வெள்ளிக்கிழமை வரை நேரம் கேட்டிருக்கிறேன்.